கொல்லைப்புற ஆடுகளமும் அயலார் காதும்

பிக்கிள்பால் என்னும் விளையாட்டு பிறந்தது ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில். 1965ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில் நகருக்கு எதிரே இருக்கும் பெயின்பிரிட்ஜ் தீவில், அரசியல்வாதி ஜோயல் பிரிச்சர்டின் வீட்டில் பழைய பேட்மின்டன் தளம் ஒன்று சும்மா கிடந்தது. அதற்குரிய மட்டைகள் சரியாக அகப்படாததால் அவரும் நண்பர் பில் பெல்லும் டேபிள் டென்னிஸ் மட்டைகளையும் துளை போட்ட பிளாஸ்டிக் பந்தையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். 60 அங்குல உயரத்தில் இருந்த வலை 36 அங்குலத்துக்கு இறங்கியது. விதிகளை வகுப்பதில் பார்னி மெக்கல்லம் என்ற இன்னொரு நண்பர் சேர்ந்துகொண்டார். இந்த ஆட்டத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் நிரந்தரத் தளம் 1967இல் எழுந்தது; அதுவும் கொல்லையில்தான், பிரிச்சர்டின் பக்கத்து வீட்டுக்காரரான பாப் ஓபிரையனின் கொல்லையில். அந்த அயலார் நண்பராகவும் இருந்தார். பிற்காலத்தில் தளம் கட்டியவர்கள் எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை.

2022இல் வாஷிங்டன் மாநிலம் இதைத் தன் அதிகாரபூர்வ விளையாட்டாக அறிவித்தது. பொதுப் பூங்காக்களில் தளத்துக்குக் காத்திருப்போர் வரிசை நீண்டபோது, இடமும் பணமும் உள்ளவர்கள் சொந்தக் கொல்லையைப் பார்க்கத் தொடங்கினார்கள். பார்க்கத் தோன்றுவதும் இயல்பே. கோடுகளுக்கு உட்பட்ட தளம் 20 அடி அகலம், 44 அடி நீளம். பேட்மின்டன் இரட்டையர் தளத்தின் அதே அளவு. ஏறக்குறைய இரண்டு சென்ட் நிலம். ஓடி ஆடச் சுற்றிலும் இடம் விட்டால் குறைந்தது 30க்கு 60 அடி வேண்டும். வசதியாக ஆட 34க்கு 64, அதாவது ஐந்து சென்ட். புல்லையும் மேல்மண்ணையும் வழித்தெடுத்து, ஜல்லி கொட்டி இறுக்கி, நான்கு அங்குலக் கான்கிரீட் போட்டு, தண்ணீர் தேங்காதபடி ஒரே பக்கமாகப் பத்தடிக்கு ஓர் அங்குலம் அளவில் சரிவு கொடுப்பார்கள். கான்கிரீட் இறுகச் சுமார் 28 நாள் ஆகும். அதன்மேல் மணல் கலந்த அக்ரிலிக் பூச்சு. காலையிலும் மாலையிலும் கண்ணில் வெயில் அடிக்காமலிருக்க நீளவாக்கு வடக்கு தெற்காக அமையும். வலை ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34. வலையின் இருபுறமும் ஏழு அடிக்கு ஒரு பட்டை. அதற்குள் நின்று தரையில் படாத பந்தை அடிக்கக்கூடாது. அந்தப் பட்டைக்குக் ‘கிச்சன்’ என்று பெயர். நிலத்தின் சொந்தக்காரர் எல்லை விலக்கு விதிகளுக்கும் நகராட்சி அனுமதிக்கும் உட்பட்டுவிட்டால் வேறு தடை இராது என்றே நினைப்பார்.

தளம் எழுந்ததும் மூன்று பொருள்கள் வேலியைத் தாண்டுகின்றன. மண் குடித்துக்கொண்டிருந்த மழைநீர் இப்போது சரிவின் வழியே ஓடி அடுத்த கொல்லையில் இறங்குகிறது. இரவு விளக்கின் வெளிச்சம் பக்கத்து வீட்டுப் படுக்கையறைச் சுவரில் விழுகிறது. முதலாவதற்கு வடிகால் உண்டு. இரண்டாவதற்கு மூடாக்கும் நேரக் கட்டுப்பாடும் உண்டு. மூன்றாவதான ஓசைதான் கடினமானது. சட்டத்தின் கேள்வியாகத் தொடங்கும் அது, ‘என்னுடையது’ என்று ஒருவர் சொல்வது எதுவரை செல்லும் என்ற தத்துவக் கேள்வியில் போய் நிற்கிறது.

மண்ணுக்கு உரியவனுக்கு விண்வரைக்கும் பாதாளம்வரைக்கும் உரிமை உண்டு என்பது ஐரோப்பாவின் இடைக்காலச் சட்ட அறிஞர்கள் வளர்த்த கொள்கை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டோன் சொத்துரிமையை ஒருவர் வேறெவரும் தலையிடாதபடி செலுத்தும் ஆட்சியாக வருணித்தார். அமெரிக்கச் சட்ட மரபு அவரைப் படித்து வளர்ந்தது. விண்வரை நீண்ட அந்த உரிமையை 1946இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு கோழிப்பண்ணைக்காரரின் வழக்கில் முடித்துவைத்தது. வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ அருகே காஸ்பி என்பவரின் பண்ணைக்கு மேல் 83 அடி உயரத்தில் ராணுவ விமானங்கள் பறந்தன. இரைச்சலில் மிரண்ட கோழிகள் சுவரில் மோதிச் செத்தன. ஏறத்தாழ 150 கோழிகள். வானம் நிலக்காரருக்குச் சொந்தமல்ல என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் நிலத்தை அனுபவிக்கவே முடியாதபடி தாழப் பறந்தால் அது நிலத்தைப் பறித்ததற்குச் சமம் என்றும் சொன்னது. உரிமை என்பது எல்லைக்கோட்டால் மட்டும் அளக்கப்படுவதன்று, அந்த இடத்தில் வாழ முடிகிறதா என்பதாலும் அளக்கப்படும் என்பது இதன் உட்பொருள். 1961இல் ஆக்ஸ்போர்டு சட்டத் தத்துவ அறிஞர் டோனி ஹானரே உடைமையின் கூறுகள் பதினொன்றை எண்ணிக் காட்டியபோது, பிறருக்குத் தீங்காகப் பயன்படுத்தலாகாது என்பதையும் அவற்றில் ஒன்றாகவே வைத்தார். வெளியிலிருந்து வந்து உரிமையைக் குறைக்கும் விதிவிலக்காக அவர் அதைக் கருதவில்லை.

ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கின் வாதம் கொல்லைக்காரருக்கு இன்னும் சாதகமாகத் தோன்றும். உழைப்பைக் கலந்த பொருள் உழைத்தவருக்கு உரியதாகிறது என்றார் அவர். புல்லை வழித்துக் கான்கிரீட் போட்டவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் லாக் அதே இடத்தில் ஒரு நிபந்தனையும் வைத்தார்: எடுத்தது போக மற்றவர்களுக்குப் போதுமானதும் அதே தரமானதும் பொதுவில் மிஞ்சியிருக்க வேண்டும். அவர் நினைத்தது நிலத்தையும் நீரையும். அமைதியையும் அந்தப் பொதுவில் சேர்த்தால், தளம் கட்டியவர் வேலிக்குள் எடுத்துக்கொண்டது ஐந்து சென்ட் மட்டுமல்ல என்றாகிவிடும். அமைதிக்குப் பட்டா கிடையாது. ஒருவர் அதை எடுத்துக்கொண்டால் சுற்றியிருப்போர் எல்லாருக்கும் இல்லாமல் போகிறது.

பிக்கிள்பாலின் ஓசைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. கெட்டியான மட்டையில் கெட்டியான பிளாஸ்டிக் பந்து மோதும்போது எழும் ‘டொக்’ சுமார் 1,200 ஹெர்ட்ஸை ஒட்டிய கூர்மையான ஒலி. 100 அடி தூரத்திலும் 70 டெசிபல் அளவில் கேட்கக்கூடியது. டென்னிஸ் பந்தின் மந்தமான ஒலியோடு ஒப்பிட்டால் இது காதில் குத்தும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது ஒலி சுமார் 6 டெசிபல் குறையும் என்பது இயற்பியல். ஆனால் கொல்லைகளில் இரட்டிக்கத் தூரம் இருப்பதில்லை. அளவைவிட அதன் ஒழுங்கின்மையே மனத்தைப் பிடித்துக்கொள்கிறது. நெடுஞ்சாலை இரைச்சல் தொடர்ந்து வருவதால் மனம் அதைத் தள்ளிவிடுகிறது. இந்த ‘டொக்’ எப்போது வரும் என்று தெரியாது. நின்றால், மீண்டும் எப்போது தொடங்கும் என்று காது காத்திருக்கும்.

இதே ஒலிக்குணத்தைப் பற்றி ஆர்தர் ஷோப்பன்ஹவர் 1851இல் வெளியிட்ட நூலில் தனிக் கட்டுரையே எழுதினார். அவரை வதைத்தது தெருவில் வண்டிக்காரர்கள் சொடுக்கிய சாட்டை. சட்டென்று எழுந்து அடங்கும் அந்த ஒலி சிந்தனையை நடுவில் வெட்டிவிடுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. குதிரைக்கு அது தேவையும் இல்லை என்பது கூடுதல் எரிச்சல். அவருக்கு முன் இமானுவேல் கான்ட், இசைக்கு நாகரிகம் குறைவு என்றே 1790இல் எழுதினார்: விரும்பாதவர்களையும் தேடிச்சென்று அது பிடிக்கிறது, கண்ணைத் திருப்பிக்கொள்வதுபோல் காதைத் திருப்பிக்கொள்ள வழியில்லை. வீட்டு வழிபாட்டில் உரக்கப் பாடச் சொல்பவர்கள் அயலாரின் அமைதியை எண்ணிப் பார்ப்பதில்லை என்றும் அவர் குறைப்பட்டார். கோனிக்ஸ்பர்க் நகரில் அவர் வீட்டருகே சிறை இருந்தது. கைதிகளின் பக்திப் பாடல் தாளாமல் 1784இல் நகர அதிகாரியான ஹிப்பலுக்குக் கடிதமே எழுதினார். இறைவனைத் துதிக்கும் ஓசையும்கூட அயலாருக்கு வெறும் ஓசையாகலாம் என்றால், பந்தின் ஓசைக்குச் சலுகை கேட்பது கடினம். இருவரும் கூருணர்வு மிக்க தனியாட்கள், தங்கள் எழுத்துமேசையையே உலகின் நடுவாக வைத்துப் பேசியவர்கள் என்ற மறுப்பும் நியாயமானது.

அந்த மறுப்பு பெரிய பிரச்சினை ஒன்றைத் திறக்கிறது. ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வகுத்த நெறிப்படி, பிறருக்குத் தீங்கு வராத வரையில் ஒருவரின் செயலில் சமூகம் குறுக்கிடக்கூடாது. எரிச்சல் தீங்காகுமா? எல்லா எரிச்சலும் தீங்கு என்றால் எவரும் எதுவும் செய்ய முடியாது. எந்த எரிச்சலும் தீங்கல்ல என்றால் கோழிகள் செத்த பிறகுதான் காஸ்பி பேசலாம். அமெரிக்கத் தத்துவவாதி ஜோயல் ஃபைன்பெர்க் 1985இல் இந்த இடைவெளிக்குள் சில உரைகற்களை வைத்தார்: தொல்லை எவ்வளவு கடுமையானது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எளிதில் விலகிப்போக முடியுமா, செய்பவருக்கு அது எவ்வளவு முக்கியம், வேறிடத்தில் செய்ய வழியுண்டா. கொல்லைத் தளத்தை இவற்றில் உரசிப் பார்த்தால் விலகிப்போக முடியுமா என்ற கேள்வியில்தான் அது தேறாமல் போகிறது. பூங்காவின் அருகே செல்பவர் நடந்து போய்விடலாம். தன் வீட்டில் இருப்பவர் எங்கே போவார்?

மத மரபுகளில் இந்தக் கேள்வியை மிக நுட்பமாகக் கையாண்டது யூதச் சட்டம். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில், பாபா பத்ரா என்னும் பகுதியின் இரண்டாம் அதிகாரம் முழுவதும் அயலாரிடமிருந்து எதை எவ்வளவு தள்ளி வைக்கவேண்டும் என்பதைப் பற்றியது. பல வீடுகள் ஒரே முற்றத்தைச் சூழ்ந்திருந்த காலம் அது. முற்றத்தில் ஒருவர் கடை திறந்தால், வருவோர் போவோர் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று அயலார் தடுக்கலாம். ஆனால் சுத்தியல் சத்தம், திரிகைச் சத்தம், குழந்தைகளின் சத்தம் ஆகியவற்றைச் சொல்லித் தடுக்க முடியாது. முதல் இரண்டும் வீட்டுக்குள் நடக்கும் கைத்தொழில். மூன்றாவது, மிஷ்னாவின் விரிவுரையான தால்முத் தரும் விளக்கத்தின்படி, பாடம் படிக்கும் பிள்ளைகளின் ஓசை. டெசிபல் அளவு இங்கே கணக்கில் இல்லை. சுத்தியல் வாடிக்கையாளரின் காலடியைவிட உரக்கவே ஒலிக்கும். அளக்கப்படுவது ஓசையின் காரணமும் அது யாரை உள்ளே இழுக்கிறது என்பதும். வீட்டுக்காரர் தன் பிள்ளைகளோடு ஆடுவதற்கும், வாரம் முழுவதும் வெளியாட்கள் கார்களில் வந்திறங்கி ஆடுவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த அதிகாரம் ஏற்கெனவே பார்த்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் விளையாட்டு பிழைப்பும் அல்ல, கல்வியும் அல்ல. அதற்கு அங்கே நேரடி இடமில்லை.

தால்முத்தின் அதே விவாதத்தில் ரவ் யோசேப் என்ற அறிஞரின் கதை வருகிறது. அவருடைய பேரீச்ச மரங்களின் அடியில் இரத்தம் எடுக்கும் வைத்தியர்கள் உட்கார்ந்து தொழில் செய்வார்கள். இரத்தத்துக்கு வரும் காகங்கள் மரத்தில் ஏறிப் பழங்களைக் கெடுக்கும். காகங்களை அப்புறப்படுத்துங்கள் என்றார் ரவ் யோசேப். அது மறைமுகமான சேதம்தானே என்று இன்னோர் அறிஞரான அபயே கேட்டார். மறைமுகமாகச் சேதம் விளைவிப்பதும் தடைசெய்யப்பட்டதே என்பது பதில். அவர்கள் வெகுகாலமாக அங்கே உட்கார்ந்து உரிமை பெற்றுவிட்டார்களே என்ற கேள்விக்கு, தீங்கு செய்ய அப்படி உரிமை சேராது என்பது பதில். அது புகை, கழிப்பிடம் போன்றவற்றுக்கு மட்டும்தானே என்று கேட்டபோது, தன்னைப் போன்ற அருவருப்பு மிகுந்தவனுக்கு இதுவும் அப்படித்தான் என்றார். இயல்புக்கு மீறிக் கூச்சமுள்ளவரின் துன்பமும் துன்பமே என்று ஒரு சட்ட மரபு ஒப்புக்கொண்ட அரிய இடம் இது. ஆங்கிலச் சட்டம் எதிர்த்திசையில் போனது. 1889இல் ராபின்சன் எதிர் கில்வர்ட் வழக்கில், கீழ்த்தளத்து வெப்பத்தால் மேலே வைத்திருந்த பழுப்புக் காகிதம் கெட்டுப்போனதாகச் சொன்னவருக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. சாதாரணக் காகிதத்தை அந்த வெப்பம் கெடுத்திருக்காது என்பது காரணம். ‘டொக்’ ஓசையால் பித்துப் பிடிக்கிறது என்று முறையிடும் அயலார் ரவ் யோசேப்பா, பழுப்புக் காகிதமா என்பதில்தான் பல தகராறுகள் சிக்கிக்கொள்கின்றன. இவ்விரண்டில் தால்முத்தின் பார்வையே மனித வாழ்வுக்கு நெருக்கமானது. அயலார் ‘சராசரி மனிதர்’ அல்லர், குறிப்பிட்ட ஒருவர்.

இஸ்லாமிய மரபில் தீங்கு செய்யவும் வேண்டாம், தீங்குக்குத் தீங்கு திருப்பவும் வேண்டாம் என்ற பொருளுள்ள நபிமொழி அயலார் தகராறுகளில் அடிப்படையாக எடுத்தாளப்படுகிறது. ஆனால் கேட்பவரின் கடமையைச் சொல்லும் பழங்கதை ஒன்றும் அங்கே உண்டு. கூஃபா நகரில் இமாம் அபூ ஹனீஃபாவின் பக்கத்து வீட்டில் ஒரு செருப்புத் தொழிலாளி இருந்தார். இரவில் குடித்துவிட்டு உரக்கப் பாடுவார். இமாம் இரவெல்லாம் தொழுகையில் இருப்பார், ஒன்றும் சொன்னதில்லை. ஓரிரவு பாட்டு வரவில்லை. விசாரித்தபோது காவலர்கள் பிடித்துச் சென்றது தெரிந்தது. மறுநாள் இமாமே ஆளுநரிடம் சென்று அவரை விடுவித்து அழைத்து வந்தார். வரலாற்றுச் சான்று எப்படியிருந்தாலும், கதை சொல்லவருவது தெளிவு: சத்தம் வந்த திசையில் ஒரு மனிதர் இருக்கிறார் என்று இமாமுக்குத் தெரிந்திருந்தது. முறைப்பாட்டுக் கடிதம் எழுதிய கான்ட்டுக்கும் அவருக்கும் உள்ள தூரம் இதுதான். ஆனால் பொறுமை, பொறுப்பவர் தானே தருவது. ஆடுபவர் அதை உரிமையாகக் கேட்கத் தொடங்கினால் கதை தலைகீழாகிவிடும்.

இனி விளையாட்டின் பக்கம். டச்சு வரலாற்றாசிரியர் யோகான் ஹாய்சிங்கா 1938இல், பண்பாடு முழுவதிலும் விளையாட்டு ஊடுருவியிருப்பதைக் காட்டினார். கோவில், நீதிமன்றம், ஆடுகளம் மூன்றும் அன்றாட வெளியிலிருந்து கோடு கிழித்துப் பிரிக்கப்பட்ட தனி வெளிகள் என்றார். தத்துவவாதி பெர்னார்ட் சூட்ஸ் 1978இல், தேவையற்ற தடைகளைத் தாமாக ஏற்று அவற்றைக் கடக்க முயல்வதே விளையாட்டு என்று வரையறுத்தார். கிச்சனுக்குள் நின்று தரையில் படாத பந்தை அடிக்கக்கூடாது என்பது அப்படி ஒரு தேவையற்ற தடை. ஏற்றவர்களை மட்டும் அது கட்டும். ஏற்காதவர் களத்தை விட்டு வெளியேறலாம். ஆட்டத்தின் முழு அறமும் இந்த ஒப்புதலில் நிற்கிறது. கொல்லைத் தளம் இங்கேதான் இடறுகிறது. நான்கு பேர் ஒப்புக்கொண்டு ஆடும் ஆட்டத்தில் ஐந்தாவதாக ஒருவர், கேட்கப்படாமலேயே, வெளியேறும் வழியில்லாமல் சேர்க்கப்படுகிறார். தளத்தின் வெள்ளைக்கோடு ஒப்பந்தம், வேலி அப்படியல்ல. வேலி இரு வீட்டாரையும் அவர்கள் சம்மதம் இல்லாமலே அடுத்தடுத்து வைத்திருக்கிறது.

இதனால் விளையாட்டே அற்பம் என்றாகாது. இளைப்பாறுவது மீண்டும் உழைப்பதற்காக என்று அரிஸ்டாட்டில் அதைத் துணைநிலையில் வைத்தார். 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், விளையாட்டிலும் ஒரு நற்பண்பு உண்டு என்றார். இடம், நேரம், ஆள் பொருந்தாமல் ஆடுவது எப்படிக் குற்றமோ, தானும் மகிழாமல் பிறர் மகிழ்ச்சியையும் கெடுப்பது அப்படியே குற்றம். இருபக்க வேலிக்காரர்களுக்கும் ஒரே நூலில் கண்டிப்பு இருக்கிறது. நேரம் என்பதில் ஒரு பழைய சண்டையும் ஒளிந்துள்ளது. 1618இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ், ஞாயிறு வழிபாட்டுக்குப் பிறகு நடனமும் வில்வித்தையும் ஆடலாம் என அறிக்கை விட்டார், 1633இல் மன்னர் முதலாம் சார்லஸ் அதைப் புதுப்பித்தார், தூய்மைவாதிகள் கொதித்தார்கள், 1643இல் நாடாளுமன்றம் அதை எரிக்க ஆணையிட்டது. இன்றைய தகராறுகளில் ஓய்வுநாளின் புனிதம் வாதமாக எழுவது அரிது. ஆயினும் சண்டை ஞாயிறு காலையில்தான் வெடிக்கிறது. ஆடுபவருக்கும் தூங்குபவருக்கும் விடுமுறை அதே நாள்.

முதலில் வந்தவர் யார் என்பதைப் பிடித்துக்கொள்வது எளிய தீர்வாகத் தோன்றும். 1879இல் முடிந்த ஸ்டர்ஜஸ் எதிர் பிரிட்ஜ்மன் வழக்கில், லண்டனில் ஒரு மிட்டாய்க்காரர் 20 ஆண்டுகளுக்கும் மேலாக உரலில் இடித்துக்கொண்டிருந்தார். பின்புறம் இருந்த மருத்துவர் தன் தோட்டத்தின் கோடியில் ஆலோசனை அறை கட்டிய பிறகே சத்தம் உறுத்தியது. வென்றவர் மருத்துவர். 1977இல் மில்லர் எதிர் ஜாக்சன் வழக்கில், டர்ஹம் பகுதியின் லின்ட்ஸ் கிராமத்தில் எழுபது ஆண்டுகளாக ஆடப்பட்ட கிரிக்கெட் மைதானத்தின் ஓரத்தில் புது வீடுகள் வந்தன. பந்துகள் தோட்டத்தில் விழுந்தன. தொல்லைதான் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். ஆனாலும் ஆட்டத்துக்குத் தடை இல்லை, 400 பவுன் இழப்பீடு மட்டும். கிராமத்தின் பொது ஆட்டம் என்பது, தடை வேண்டாம் என்ற நீதிபதி டென்னிங் பிரபுவின் வாதத்துக்கு வலு. ஒரு குடும்பத்தின் தளம் அந்த வலுவை இரவல் கேட்க முடியாது. மிட்டாய்க்காரர் வழக்கை எடுத்துக்கொண்டு பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1960இல் இன்னொன்று சொன்னார்: தீங்கு இருதரப்பானது, இடிப்பவர் இல்லையேல் தொல்லை இல்லை, மருத்துவர் இல்லையேலும் தொல்லை இல்லை, பேரம் பேசச் செலவில்லாவிட்டால் இருவரும் தமக்குள் தீர்த்துக்கொள்வார்கள். கணக்கு சரி. ஆனால் அமைதிக்கு விலை சொல்லும் வசதி இரு வீட்டாருக்கும் சமமாக இருப்பதில்லை. தன் படுக்கையறை அமைதியை விலைக்கு வாங்கும்படி ஒருவரிடம் சொல்வதிலேயே ஓர் அவமதிப்பு இருக்கிறது.

நடைமுறையில் வழிகள் உண்டு. ஓசை குறைந்த மட்டையும் நுரைப்பந்தும் பெருமளவு தணிக்கும், ஆட்டத்தின் சுவை சற்றுக் குறையும். தடுப்புச் சுவர், அயலாரின் சன்னலுக்கும் மட்டைக்கும் இடையிலான நேர்ப்பார்வையை மறைத்தால்தான் பயன் தரும். மாடிச் சன்னலுக்கு அது எட்டாது. ஆடும் நேரத்தை எழுதி ஒப்புக்கொள்வது மிக மலிவானது. அயலாரையும் ஆட அழைப்பது ஓசையின் பொருளையே மாற்றக்கூடும், ஓபிரையன் கொல்லையில் நடந்ததுபோல. அழைப்பு வாயடைக்கும் கையூட்டாக மாறினால் அதுவும் கெடும். இவை யாவும் கான்கிரீட் ஊற்றுமுன் பேசப்பட்டால் ஒரு பொருள், ஊற்றிய பின் பேசப்பட்டால் வேறு பொருள். முன்னதில் அயலார் கேட்கப்படுகிறார். பின்னதில் அவரிடம் தெரிவிக்கப்படுகிறது. முன்கூட்டிப் பெற்ற சம்மதத்திலும் ஓர் ஓட்டை உண்டு: சம்மதித்தவர் வீட்டை விற்றுவிட்டுப் போகலாம், கான்கிரீட் பல பத்தாண்டுகள் கிடக்கும். அடுத்து குடிவருபவருக்குத் தளம் கண்ணுக்குத் தெரியும், ஓசை தெரியாது. அவர் சார்பில் சம்மதம் தரப் பழைய அயலாருக்கும் அதிகாரம் இல்லை.